கல்லோயா இடதுகரையில் நீர்ப் பங்கீடு: சட்டத்துக்கு முந்திய குழுக்கள்

இலங்கையில் பாசன நீரைப் பயிரிடுவோரே கூடிப் பேசிப் பங்கிடும் வழக்கத்தைக் குடியேற்ற அரசு 1856ஆம் ஆண்டு நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின் வழியாக ஏற்றுக்கொண்டது. சிற்றூர்க் குளங்களில் இதனை நடைமுறைப்படுத்தியவர், நீர் முறையையும் வாய்க்கால் துப்புரவையும் மேற்பார்த்த வட்டவிதானை என்னும் ஊர் அலுவலர் ஆவார். 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் அப்பதவியை நீக்கிப் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. ஒரே சட்டத்தால் நாடெங்கும் தோற்றுவிக்கப்பட்ட அக்குழுக்கள், தவறு செய்தவரைத் தட்டிக்கேட்கும் செல்வாக்கை விதானையிடமிருந்து பெறவில்லை. தாமாக ஈட்டிக்கொள்ளவும் அவற்றுக்குக் காலம் வாய்க்கவில்லை.

தமிழில் பட்டிப்பளை ஆறு எனப்படும் கல்லோயாவின் குறுக்கே இங்கினியாகலையில் கட்டப்பட்ட சேனநாயக்க சமுத்திரம் என்னும் நீர்த்தேக்கத்தில் இக்குறை பெரிதாகத் தெரிந்தது. இடதுகரை வாய்க்காலின் தலைப்பகுதியில் பெரும்பாலும் சிங்களக் குடியேற்றவாசிகளும் கடைப்பகுதியில் தமிழ் விவசாயிகளும் பயிரிட்டனர். நீர் குறையும் சிறுபோகத்தில் (கோடைப் பருவச் செய்கை) தலைப்பகுதியார் வேண்டியதை எடுத்தபின் எஞ்சியதே கடைக்கு வந்தது. கதவுகள் பல உடைந்திருந்தன. வயல் வாய்க்கால்கள் ஆண்டுக்கணக்கில் தூர்வாரப்படாமல் கிடந்தன.

அமெரிக்க உதவியுடன் தொடங்கிய புனரமைப்புத் திட்டத்தில், கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் 1981இல் படித்த இளைஞர்களை அமைப்பாளர்களாக ஊர்களிலேயே தங்கவைத்தன. அவ்வாண்டு நீர்த்தேக்கம் ஏறத்தாழக் கால் பங்கே நிரம்பியிருந்தது. அமைப்பாளர்கள் விதிமுறைகளோ பதவிகளோ கொண்டு வரவில்லை. ஒரே வயல் வாய்க்காலில் நீர் பெறும் பத்து இருபது பேர் கூடித் தூர்வாரினர். பின்னர் முறைவைத்து நீர் பாய்ச்சினர். மிச்சப்பட்ட நீரைக் கீழ்ப்பகுதிக்கு விட்டனர். அதன் பின்னரே தம்முள் ஒருவரை ஒருமனதாகப் பிரதிநிதியாக்கினர். வேலை முதலில், அமைப்பு பின்னர் என்னும் இவ்வரிசையே 1958இன் முயற்சியிலிருந்து கல்லோயாவைப் பிரித்துக் காட்டுவது. இக்குழுக்களின் மேல் கிளைவாய்க்கால் அமைப்பும், அதன் மேல் பகுதி விவசாயிகள் சபையும், உச்சியில் பொறியியலாளர்களும் விவசாயப் பிரதிநிதிகளும் ஒன்றாக அமரும் திட்டக் குழுவும் உருவாயின. நீர்த்தேக்கத்தின் இருப்பு எவ்வளவு, அதைக்கொண்டு எவ்வளவு நிலம் செய்கை பண்ணலாம் என்ற கணக்கு, அதுவரை திணைக்களத்துக்கு மட்டுமே உரியதாயிருந்து, பயனாளர் முன் வைக்கப்பட்டது அங்கேதான். இனப்பகை முற்றிய அந்த ஆண்டுகளில் சிங்கள விவசாயிகள் தமிழ் விவசாயிகளுக்கென நீர் மிச்சம்பிடித்ததை கோர்னெல் ஆய்வாளர் நோர்மன் அப்ஹோப் 1992இல் வெளியிட்ட நூல் விரிவாகப் பதிவுசெய்கிறது. நீர்ப்பற்றாக்குறை பகைமையையே வளர்க்கும் என்ற பொதுக் கருத்துக்கு இதைவிட வலுவான மறுப்பு அரிது.

சட்டம் நடைமுறையைப் பின்தொடர்ந்தே வந்தது. 1988இல் பங்கேற்பு முகாமைத்துவம் அரசின் கொள்கையாயிற்று. 1991இல் கமநல சேவைகள் சட்டத் திருத்தம் விவசாய அமைப்புகளுக்கும், 1994இல் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத் திருத்தம் திட்ட முகாமைத்துவக் குழுக்களுக்கும் சட்டத் தகுதி அளித்தன. 1997ஆம் ஆண்டுச் சிறுபோகத்தில், நெல்லுக்குப் போதிய நீர் இல்லையென அறிவிக்கப்பட்ட நிலையிலும், இடதுகரை விவசாயிகள் அமைப்புகள் வழியே நீரைப் பங்கிட்டு வழக்கத்தைவிட நல்ல விளைச்சலைக் கண்டனர். எனினும் கிளைவாய்க்கால்களும் வயல் வாய்க்கால்களுமே பராமரிப்புக்காக அமைப்புகளிடம் கையளிக்கப்பட்டன. அணைக்கட்டும் தலைத் துருசும் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பிலேயே நீடிக்கின்றன.