ராஜா மூசாவில் சிற்றணை பிறந்த கதை

ஆண்டுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் மழை பெய்யும் மலேசியாவின் கோல சிலாங்கூரில் மழைநீரைத் தேக்க அணை எதற்கு? ராஜஸ்தானின் ஆல்வார் மாவட்டத்தில், கோபால்புரா ஊரார் 1980களின் நடுவில் ராஜேந்திர சிங்கோடு சேர்ந்து பழைய ஜோஹட் குளத்தைத் தோண்டிக் கரை கட்டியது எவருக்கும் புரியும். அங்கே கிணறுகள் வற்றிப்போய், பிழைப்புத் தேடி இளைஞர்கள் ஊரைவிட்டே போய்க்கொண்டிருந்தார்கள். இங்கே கான் எனும் வடிகாலில் எந்நேரமும் தண்ணீர். அப்படியிருந்தும் பெஸ்தாரி ஜெயாவுக்கு வடக்கே, ராஜா மூசா காட்டுக்குள், சாக்கும் கழியும் கொண்டு கட்டிய சிறுசிறு அணைகள் வரிசையாக நிற்கின்றன. அவை ஏன் பிறந்தன என்று கேட்டால், பதில் கான்களிடம்தான் இருக்கிறது.

இந்தக் கடலோரம் முழுவதுமே கான் வெட்டி உண்டாக்கிய பூமி. ரப்பர் வந்த காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்களுக்குக் கிடைத்த முதல் வேலைகளில் ஒன்று சதுப்பை வடிப்பது. இடுப்பளவு சேற்றில் நின்று மண்வெட்டியால் அள்ளிப்போட்ட வேலை அது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 1901 முதல் கிள்ளானில் மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன், கடலோரச் சமநிலத்தில் காட்டை வெட்டிக் கான் போட்டால் மலேரியா கொசு ஒழிகிறது என்று காட்டினார். கான் ஓடிய லயங்களில் பிள்ளைகள் பிழைத்தன. 1917ல் பிரெஞ்சுக்காரரான ஆன்ரி ஃபோகொனியே, மலேசியாவின் முதல் வணிகச் செம்பனையை இங்கே தென்னமரம் தோட்டத்தில் நட்டார். 1930களில் தஞ்சோங் காராங் நெல்வயல்கள் உருவாயின. 1932ல் அரசாங்கம் வடிகால், நீர்ப்பாசனத்துக்கென்றே ஒரு இலாகாவைத் தொடங்கியது. தண்ணீரை வெளியே அனுப்பத் தெரிந்தவனே இந்தக் கரையில் கெட்டிக்காரன் என்று மூன்று தலைமுறை நம்பியது. நம்பியதில் நியாயமும் இருந்தது.

அந்தக் கெட்டிக்காரத்தனம் நெல்வயலுக்குப் பின்னால் இருந்த காட்டுக்குள்ளும் நுழைந்ததில்தான் வினை ஆரம்பித்தது. ராஜா மூசா, சுங்கை காராங் ஆகிய இரண்டு வனக் காப்பகங்களே வட சிலாங்கூர் சதுப்புநிலக் காட்டின் பெரும்பகுதி. இரண்டும் சேர்ந்து 70,000 ஹெக்டருக்கு மேல். அடியில் இருப்பது தோட்டத்தில் ‘பீட் மண்’ என்று சொல்வது. உண்மையில் அது மண்ணே இல்லை. விழுந்த இலையும் வேரும் மரமும் நீருக்குள் மூழ்கியிருந்ததால் மக்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பல மீட்டர் ஆழத்துக்குச் சேர்ந்தவை. நனைந்த பஞ்சு மாதிரி, அதன் எடையில் பெரும்பங்கு தண்ணீர்தான். நடுவில் மேடாகவும் ஓரத்தில் தாழ்வாகவும் இருப்பதால் ஆற்று வெள்ளம் அதன்மேல் ஏறுவதில்லை. மழை ஒன்றே அதற்கு ஆதாரம். மழைக்காலத்தில் குடித்ததை அது வறண்ட மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். தெங்கி ஆற்றுக்கும், அதன் வழியே நெல்வயலுக்கும் அந்த நீர் போகிறது. யாரும் கட்டாத ஒரு மழைநீர்த் தொட்டி அது.

1950கள் தொடங்கி அங்கே மரம் வெட்டினார்கள். கட்டைகளை வெளியே கொண்டுவரக் காட்டுக்குள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டினார்கள். 1990ல் அரசிதழில் வெளியிட்டு வனக் காப்பகம் ஆக்கினார்கள். காகிதத்தில் காடு காப்பாற்றப்பட்டது; கால்வாய்கள் திறந்தபடியே கிடந்தன. மரம் வெட்டுவது நின்ற பிறகும், இரவும் பகலும் அவை காட்டின் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தன.

நீர் இறங்கிய பீட் உள்வாங்கும்; வடித்த முதல் சில ஆண்டுகளில் ஒரு மீட்டருக்கு மேல்கூடத் தரை தாழும். முற்றிலும் காய்ந்துவிட்டால் மறுபடி மழை பெய்தாலும் நீரை ஏற்காது. தீப்பிடித்தால், மேலே அணைத்தாலும் அடியில் கனன்று வேறிடத்தில் எழும்பும். 2005 ஆகஸ்ட் 11 அன்று காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியதால் கோல சிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் அவசரநிலை அறிவித்தார்கள். அந்தப் புகை பெரும்பாலும் சுமத்ராவிலிருந்து வந்தது; ஆனால் அங்கே எரிந்ததும் கான் வெட்டிக் காயப்போட்ட இதே பீட்தான். நம் பக்கத்திலும் வறண்ட மாதங்களில் ராஜா மூசா எரிந்துகொண்டுதான் இருந்தது.

2008ல் ஒரு திருப்பம் வந்தது. காப்பகத்துக்குள் அத்துமீறி ஆயிரம் ஹெக்டர் அளவுக்குக் காட்டை அழித்துப் பயிர் வைத்திருந்தவர்களை சிலாங்கூர் வன இலாகா வெளியேற்றியது. வெறிச்சோடிய அந்த நிலத்தில், உலகளாவிய சுற்றுச்சூழல் மையம் என்ற மலேசியத் தொண்டு அமைப்போடு சேர்ந்து சீரமைப்பைத் தொடங்கியது. அங்கேதான் வரிசை முக்கியமானது. காய்ந்த பீட்டில் கன்று நட்டால் அடுத்த வறட்சியில் அதுவும் விறகு. முதலில் கால்வாயை அடைக்க வேண்டும்.

அடைக்கும் வித்தை போர்னியோவில் முன்பே கற்கப்பட்டிருந்தது. இந்தோனேசியாவின் மத்திய கலிமந்தானில் 1990களின் நடுவில் சுஹார்த்தோ அரசு பத்து லட்சம் ஹெக்டர் நெல்வயல் என்று சொல்லி 4,000 கிலோமீட்டருக்கு மேல் கால்வாய் வெட்டியது. நெல் விளையவில்லை; 1997ல் நெருப்பு விளைந்தது. 2000களின் தொடக்கத்தில் அங்கே ஊராரும் அமைப்புகளும் கால்வாய்களில் சிற்றணை கட்டத் தொடங்கி, செய்முறையை நூலாகவும் எழுதிவைத்தார்கள்.

கட்டுவது எளிது போலத் தெரியும். கால்வாயின் குறுக்கே இரண்டு வரிசை மரக்கழிகளை ஆழமாக அடித்து இறக்கி, நடுவில் மண் நிரப்பிய சாக்குகளை அடுக்கி, இரு கரைக்குள்ளும் நன்றாக நுழையும்படி நீட்ட வேண்டும். ஆனால் பீட்டுக்கு இறுக்கம் கிடையாது. உயரமாக ஒரே அணை கட்டி ஒரு பக்கம் நீரை நிறுத்தினால், தண்ணீர் அடியிலும் பக்கவாட்டிலும் அரித்துக்கொண்டு வேறு வழி போட்டுவிடும். ஆகவே அணைக்கு அணை நீர்மட்ட வேறுபாடு 20, 30 சென்டிமீட்டர் அளவில் இருக்கும்படி, படிக்கட்டாகப் பல சிற்றணைகள். பெருமழையில் உபரிநீர் வழிந்தோட நடுவில் ஒரு தாழ்வு. அணைக்குப் பின்னால் குளம் நிறைகிறதா என்பது பெரிதல்ல. இருபுறமும் தரைக்கு அடியில் நீர் ஏறுகிறதா என்பதே கணக்கு. துளையிட்ட குழாயைத் தரையில் இறக்கி அளந்து பார்க்கிறார்கள். நீர்மட்டம் தரையிலிருந்து 40 சென்டிமீட்டருக்குக் கீழே போகவிடக்கூடாது என்று இந்தோனேசியா பிறகு சட்டமே போட்டது.

நீர் ஏறிய இடத்தில் மாஹாங், தெங்கெக் புரோங் போன்ற வெயில் தாங்கும் மரங்களை நட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளும் நிறுவன ஊழியர்களும் கன்று நடும் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. அவர்கள் உழைப்பை மதிக்கிறேன். ஆயினும் அந்தக் காட்டைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது எவரும் படமெடுக்காத சாக்குகளும் கழிகளும்தான் என்று உறுதியாகச் சொல்வேன். 2012ல் சுற்றுக் கம்பத்து மக்கள் ‘சஹாபாட் ஹூத்தான் காம்புட் சிலாங்கூர் உத்தாரா’ என்ற பெயரில் குழுவாகச் சேர்ந்தார்கள். நாற்று வளர்ப்பதும், வறண்ட மாதங்களில் ரோந்து போவதும், அணைகளைப் பார்த்துக்கொள்வதும் அவர்கள் வேலை. சாக்கு வெயிலில் இற்றுப்போகும், கழி உளுத்துப்போகும். இலாகாவின் குத்தகைக்காரர் கட்டிவிட்டுப் போய்விடுவார். ஓட்டை விழுந்ததை முதலில் பார்ப்பவர் பக்கத்தில் குடியிருப்பவரே.

தோட்டங்களிலும் மாற்றம் வந்தது. நீடித்த செம்பனைக்கான வட்டமேசை அமைப்பு 2012ல் வெளியிட்ட கையேடு, பீட் நிலத்துக் கானில் நீர்மட்டத்தைத் தரைக்குக் கீழே ஏறக்குறைய அரை மீட்டரில் நிறுத்தச் சொல்கிறது. அதற்கும் சாக்கணைதான் வழி. வடித்துப் பழகிய தோட்டம் தேக்கவும் கற்றுக்கொண்டது.

தீராத இடம் ஒன்று உண்டு: எல்லைக் கான். காட்டுக்காரர் நீரை உயர்த்தினால் ஓரத்துச் செம்பனையின் வேர் நனைகிறது. தோட்டக்காரர் தாழ்த்தினால் காட்டு ஓரம் காய்கிறது. 2014 பிப்ரவரி, மார்ச் வறட்சியில் சிலாங்கூரில் குழாய்நீருக்குப் பங்கீடு வந்தபோது ராஜா மூசாவில் மறுபடி தீ எழுந்தது. அந்த எல்லைக் கானின் மட்டத்தை வன இலாகாவும் தோட்ட நிர்வாகமும் சிறுவிவசாயிகளும் ஒன்றாக உட்கார்ந்து, வறண்ட மாதத்துக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். செப்பனிட வேண்டிய சாக்குகளை டிசம்பருக்குள் அடுக்கிவிட வேண்டும். பிப்ரவரியில் தேக்குவதற்கு மழை இருக்காது.