பழைய ஃபைபர் படகு திடீர்னு கனக்குதா? உள்ளே இருக்கும் ஃபோம் தண்ணி குடிச்சிருக்கலாம்! கண்டுபிடிப்பது, சரிசெய்வது எப்படி?

தளத்தில் நின்ற தண்ணீரை இறைச்சாச்சு. வெளியே ஓட்டை எதுவும் தெரியவில்லை. ஆனாலும் படகு பழைய வேகத்தில் போகவில்லை. பின்பக்கம் அமுங்கியே நிற்கிறது, எரிபொருள் கூடுதலாகக் குடிக்கிறது, கரையில் இழுக்க முன்பைவிட இரண்டு பேர் அதிகம் தேவைப்படுகிறார்கள். பலர் இதற்கு இன்ஜினைத்தான் சந்தேகப்படுவார்கள். ஆனால் காரணம் காலுக்குக் கீழே, தளத்துக்கு அடியில் இருக்கலாம்.

2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரைக்கு ஃபைபர் படகுகள் பெரிய எண்ணிக்கையில் வந்தன. அவற்றில் இன்னும் கடலுக்குப் போய் வருபவற்றுக்கு இப்போது 20 வயது. இந்த வயதில் ஃபைபர் படகுக்கு வரும் முக்கியமான கோளாறு, வெளியே தெரியாத கோளாறு, ஃபோம் ஊறிப்போவது. அதைப் பற்றி முழுமையாகப் பார்க்கலாம்.

படகுக்குள் ஃபோம் எதற்கு?

மரம் தண்ணீரில் மிதக்கும். ஃபைபர் மிதக்காது. கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்த அந்தப் பொருள் தண்ணீரைவிட அடர்த்தியானது. கட்டுமரம் கவிழ்ந்தாலும் மிதக்கும். ஆனால் ஃபைபர் படகில் அலை புகுந்து நிரம்பினால் இன்ஜினோடு சேர்ந்து நேராக அடிக்குப் போய்விடும். அதைத் தடுக்கத்தான் தளத்துக்கு அடியிலும், முன்னும் பின்னும் உள்ள மூடிய அறைகளிலும் ஃபோமை நிரப்புகிறார்கள். சில படகுகளில் பியூ ஃபோம் எனப்படும் பாலியூரித்தேன், சிலவற்றில் தெர்மாகோல்.

ஃபோமின் பலத்தை உலகுக்குக் காட்டியது அமெரிக்காவின் 'பாஸ்டன் வேலர்' நிறுவனம். அதைத் தொடங்கிய டிக் ஃபிஷர், 1961-ல் 'லைஃப்' இதழுக்காக 13 அடி படகில் உட்கார்ந்துகொண்டே அதை இரண்டாக அறுக்கச் சொன்னார். படகு மூழ்கவில்லை. இன்ஜின் இருந்த பாதியை ஓட்டிக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார்.

ஊறினால் என்ன ஆகும்? ஒரு சின்னக் கணக்கு

படகுகளில் போடும் சாதாரண பியூ ஃபோம் 100 லிட்டர் அளவுக்கு எடுத்தால், அதன் எடை சுமார் 3 கிலோதான். படகு நிரம்பி அந்த ஃபோம் கடல் நீருக்குள் அமிழும்போது, கிட்டத்தட்ட 99 கிலோவைத் தாங்கிப் பிடிக்கும்.

அதே ஃபோம் முழுசாக ஊறிவிட்டால் இரண்டு விஷயம் நடக்கும். ஒன்று, தினமும் சுமார் 100 கிலோ தண்ணீரைச் சும்மா சுமந்துகொண்டு ஓடுகிறீர்கள். இரண்டாவது, படகு நிரம்பும் நாளில் அந்த ஃபோம் தரும் தாங்குசக்தி ஏறக்குறைய பூஜ்யம். முதல் பிரச்னை எரிபொருள் செலவில் தெரியும். இரண்டாவது, உயிருக்கு ஆபத்து வரும் நிமிடம் வரை தெரியவே தெரியாது. உண்மையான ஆபத்து அதுதான்.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது?

'இது மூடிய அறை கொண்ட ஃபோம், தண்ணீர் குடிக்காது' என்று கடையில் சொல்வார்கள். அது பாதி உண்மை. பியூ ஃபோமின் உள்ளே கோடிக்கணக்கான நுண்ணிய அறைகள் உண்டு, பெரும்பாலானவை மூடியவை. எப்போதாவது நனைந்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் வருஷக்கணக்கில் தண்ணீரிலேயே கிடந்தால், அலையின் அடியிலும் இன்ஜின் அதிர்விலும் அறைச் சுவர்கள் ஒவ்வொன்றாக உடையும். தண்ணீர் மெல்ல மெல்ல உள்ளே ஏறும்.

தண்ணீர் புகும் வழிகள் பெரும்பாலும் இவைதான்: தளத்தில் அடித்த திருகு ஓட்டைகள், தளமும் பக்கச் சுவரும் சேரும் இடத்தில் விழும் விரிசல், தேய்ந்த அடிப்பகுதி, இன்ஜின் மாட்டும் பின்பலகையின் போல்ட் துளைகள். வடிகால் அடைத்துக்கொண்டால் உள்ளே போன தண்ணீர் வெளியே வரவும் வழி இல்லை.

ஊறிவிட்டதா என்று எப்படி உறுதி செய்வது?

1. நீர்மட்டக் கோடு: ஆளும் வலையும் இல்லாத வெறும் படகு, பழைய பாசிக் கோட்டுக்கு மேலே தண்ணீர் ஏறும் அளவுக்கு அமுங்குகிறதா என்று பாருங்கள்.

2. தக்கையைக் கழற்றுங்கள்: கரையில் முன்பக்கத்தைத் தூக்கி வைத்து வடிகால் தக்கையை எடுத்தபின், நாள்கணக்கில் சொட்டிக்கொண்டே இருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

3. தட்டிப் பாருங்கள்: ஒரு சின்ன சுத்தியலால் தளத்தைத் தட்டும்போது சில இடங்களில் மட்டும் 'தொம்' என்று மந்தமாகக் கேட்டால் குறித்து வையுங்கள்.

4. மாதிரி எடுங்கள்: இதுதான் கடைசித் தீர்ப்பு. தளத்தில் முன், நடு, பின் என மூன்று இடங்களில் கை நுழையும் அளவுக்குத் துளையிட்டு, 10 சென்டிமீட்டர் நீள, அகல, உயரத்தில் ஃபோமை வெட்டி எடுங்கள். அது சரியாக ஒரு லிட்டர். சமையலறைத் தராசில் வைத்தால் காய்ந்த பியூ ஃபோம் 30 கிராமை ஒட்டிக் காட்டும். தெர்மாகோல் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. 300 கிராம் காட்டினால் அந்த ஃபோமில் கால் பங்குக்கு மேல் தண்ணீர். மேலே காய்ந்திருந்தாலும் அடியில் ஊறியிருக்கலாம். அதனால் ஆழத்திலிருந்தும் ஒரு துண்டு எடுக்கணும்.

அப்படியே பின்பலகையிலும் உள்பக்கமிருந்து ஒரு சின்னத் துளை போட்டுப் பாருங்கள். மரத்தூள் வெளிறி, காய்ந்து வந்தால் நல்லது. கருத்து, ஈரமாக வந்தால் உள்ளே மரம் அழுகிவிட்டது. பார்த்தபின் அந்தத் துளையை எபாக்ஸி வைத்து அடைக்க மறக்க வேண்டாம்.

காய வைத்தால் போதாதா?

போதாது. பலரும் செய்வது அடியில் நாலு துளை போட்டு வெயிலில் விடுவது. அதில் ஃபோமைச் சுற்றி நிற்கும் தண்ணீர் மட்டும்தான் வடியும். அறைகளுக்குள் போன தண்ணீர் அங்கேயே இருக்கும். கத்திரி வெயிலிலும் தடிமனான ஃபோம் உள்வரை காயாது. ஊறிய ஃபோமை வெட்டி எடுப்பதுதான் வழி. காய்ந்திருக்கும் பகுதியை விட்டுவிடலாம், மொத்தத்தையும் எடுக்க வேண்டியதில்லை.

சரிசெய்யும் முறை

முதலில் படகு வளையாதபடி அடியில் நன்றாக முட்டுக்கொடுங்கள். ஓரங்களில் 2-3 அங்குலம் விட்டுத் தளத்தை அறுத்து, மூடியைப் போல முழுசாக எடுத்தால் அதையே திரும்பப் பயன்படுத்தலாம். ஃபோமை மண்வெட்டி, உளியால் தோண்டி எடுக்கலாம். அடி ஃபைபர் மெல்லியது, கீறிவிடாமல் நிதானமாகச் செய்யணும். நீளவாக்கில் ஓடும் தாங்குசட்டங்கள் அழுகியிருந்தால் இப்போதே மாற்றுங்கள். தளத்தை மூடியபின் அவற்றைத் தொட முடியாது.

பிறகு நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, மேலே தார்பாய், பக்கத்தில் காற்று என விட்டுச் சில வாரங்கள் காய விடுங்கள். ஈரத்தின் மேல் ரெசின் பிடிக்காது. தண்ணீர் புகுந்த வழியைக் கண்டுபிடித்து அடைக்காமல் புது ஃபோம் போட்டால் பணம்தான் வீண்.

புது ஃபோம் ஊற்றுவதற்கு முன், அடியின் நடுக்கோட்டில் பாதியாக அறுத்த பிவிசி குழாயைக் கவிழ்த்து வைத்து, தக்கை வரை ஒரு வடிகால் பாதை விடுங்கள். அடுத்த முறை தண்ணீர் புகுந்தாலும் ஃபோமில் தங்காமல் வெளியேறும்.

இரண்டு டின் பியூ ஃபோமை டின்மேல் போட்டிருக்கும் அளவுப்படி கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றணும். ஒரே தடவையில் நிறைய ஊற்றினால் உள்ளே சூடு ஏறிக் கருகும், தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. கலக்கும்போது வரும் ஐசோசயனேட் ஆவி ஆஸ்துமா வரை கொண்டுபோகும். கைக்குட்டை, துணி மாஸ்க் எல்லாம் இதற்குப் பத்தாது. ரசாயன ஆவிக்கான வடிகட்டி பொருத்திய முகமூடி, கையுறை, கண்ணாடி மூன்றும் கட்டாயம்.

மூடும்போது, பழைய ஃபைபரைச் சரிவாகத் தேய்த்துவிட்டு மேட்டும் ரெசினும் வைத்து ஒட்டுங்கள். இனி அடிக்கும் ஒவ்வொரு திருகுத் துளையிலும் சீலன்ட் வையுங்கள்.

இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

தெர்மாகோல் மேல் நேரடியாகப் பாலியஸ்டர் ரெசின் பூசினால் தெர்மாகோல் கரைந்துவிடும். பெட்ரோல் பட்டாலும் அதே கதிதான். தெர்மாகோல்தான் போடுவது என்றால் எபாக்ஸி பயன்படுத்தணும், பெட்ரோல் படாத இடமாக இருக்கணும்.

எடுத்த ஃபோமைக் கடற்கரையில் போட்டுக் கொளுத்தாதீர்கள். பியூ ஃபோம் எரியும் புகையில் ஹைட்ரஜன் சயனைடு உண்டு. கடலில் வீசவும் கூடாது.

எல்லாவற்றையும்விட மோசமான தவறு, ஊறிய ஃபோமை எடுத்துவிட்டு 'படகு லேசாயிடுச்சு, இதுவே போதும்' என்று வெறும் தளத்தை மூடுவது. படகு நன்றாகவே ஓடும், எரிபொருளும் மிச்சமாகும். ஆனால் அலை புகுந்த அன்று பிடித்துக்கொள்ள எதுவும் மிதக்காது.

கடைசியாக ஒரு சோதனை

வேலை முடிந்ததும், அலை இல்லாத இடத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் படகை நிறுத்துங்கள். இன்ஜினுக்குப் பதில் அதே எடைக்கு ஒரு இரும்பைக் கட்டி, படகைத் தண்ணீரால் நிரப்புங்கள். அது ஒரே மட்டமாக மிதந்து, ஆட்கள் ஓரத்தைப் பிடித்துத் தொங்கும்போதும் அடி தட்டாமல் நின்றால் உங்கள் வேலை சரி. பின்பக்கம் மட்டும் அடியில் தட்டினால் அங்கே ஃபோம் போதவில்லை. அது கரையோரத்திலேயே தெரிந்துவிடுவது நல்லது. நடுக்கடலில் தெரியக் கூடாது.