முத்திரை வந்த கதை

விலை குறைந்த விஸ்கி என்றாலே நம்மில் பலருக்கு ஒரு சந்தேகம் வரும்: உள்ளே என்ன கலந்திருக்கிறார்களோ? 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கர்களுக்கும் இதே சந்தேகம் இருந்தது. அதில் நியாயமும் இருந்தது.

மக்காச்சோளத்தை முதன்மையாக வைத்துக் காய்ச்சி, உட்புறம் தீயில் கருக்கிய புது ஓக் மரப் பீப்பாயில் ஊறவைக்கும் விஸ்கிதான் போர்பன். கென்டக்கி மாநிலம் இதற்குப் பேர் போனது. அந்நாளில் விஸ்கி பெரும்பாலும் பீப்பாயாகவே கைமாறியது. இடையில் வாங்கியவர்களில் பலர், வெறும் சாராயத்தில் கருக்கிய சர்க்கரை, பழச்சாறு, சில சமயம் புகையிலைச் சாறு வரை சேர்த்து, நிறமேற்றி, பழைய போர்பன் என்று விற்றார்கள். 1870-இல் லூயிவில் நகரில் ஜார்ஜ் கார்வின் பிரவுன் என்ற மருந்து வியாபாரி, முத்திரையிட்ட கண்ணாடிப் புட்டியில் மட்டுமே போர்பன் விற்கத் தொடங்கினார். ஆனால் ஒரு வியாபாரியின் வாக்கு மட்டும் போதவில்லை.

கர்னல் டெய்லர் போன்ற காய்ச்சுவோர் அரசிடம் போனார்கள். கருவூலச் செயலர் ஜான் கார்லைல் துணை நின்றார். 1897 மார்ச் 3 அன்று 'பாட்டில்ட் இன் பாண்ட்' சட்டம் வந்தது. ஒரே ஆலையில், ஒரே பருவத்தில் காய்ச்சியதாக இருக்க வேண்டும். அரசுக் கண்காணிப்பில் உள்ள கிடங்கில் குறைந்தது 4 ஆண்டு ஊற வேண்டும். 100 புரூஃப், அதாவது 50 சதவீத வலுவில் புட்டியில் அடைக்க வேண்டும். காய்ச்சியவர்களுக்குப் போட்டியாளரை ஒடுக்கும் ஆசை, அரசுக்கு வரிக் கவலை. இரண்டும் சேர்ந்து குடிப்பவனுக்கு நன்மையாக முடிந்தது.

அந்த முத்திரையோடு இன்றும் மலிவாகக் கிடைப்பது, வெள்ளை லேபிள் ஒட்டிய இவான் வில்லியம்ஸ். அதை எடை போட எளிய வழி உண்டு. முதலில் நிறம் பாருங்கள்; அது முழுக்கப் பீப்பாய் கொடுத்தது, போர்பனில் நிறம் சேர்க்க அனுமதி இல்லை. வாயைச் சற்றே திறந்தபடி முகருங்கள். வனிலாவும் சர்க்கரைப்பாகும் மணக்கும், கருக்கிய மரத்தின் கொடை அது. முதல் மிடறு எரியும். சில சொட்டுத் தண்ணீர் விட்டால் எரிச்சல் அடங்கி, சோளத்தின் இனிப்பு தலைகாட்டும்.

முத்திரை, உள்ளே இருப்பது அசல்தான் என்று மட்டும் சொல்லும். ருசியாக இருக்கிறதா என்பதை நம் நாக்குதான் சொல்ல வேண்டும். ஆனால் நாக்கை நம்பிக் குடிக்கவே முதலில் அந்த உறுதி வேண்டியிருந்தது. அது பணக்காரரின் புட்டிக்கு மட்டுமல்ல, மலிவான புட்டிக்கும் கிடைத்ததுதான் இந்தச் சட்டத்தின் பெருமை.