பூ.சா.கோ. அறநிலையம், பீளமேடு

கோவை பீளமேட்டில் பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, தொழிற்சாலை அனைத்தையும் ஒரே அறக்கட்டளையின் கீழ் நடத்திவரும் அமைப்பு. பெயரில் உள்ள 'பூ' ஊரைக் குறிக்கிறது. பூளைமேடுதான் பேச்சில் பீளமேடானது. பொங்கலுக்குக் காப்புக் கட்டும் பூளைப்பூவை அறியாத கொங்கு வீடு இல்லை.

பெயரில் 'கோ'வாக நிற்கும் கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் குடும்பச் சொத்தை ஐந்தாகப் பங்கிட்டு, ஐந்தாம் பங்கைத் தருமத்துக்கு ஒதுக்கினர். 1926இல் ₹2.01 லட்சத்தில் அறக்கட்டளை உருவானது. கல்லூரிகள் பல திட்டங்களை ஒருசேர எடுக்கும்போது எதை முதலில், எந்தப் பணத்தில் என்று தீர்மானிப்பதை இன்று 'திட்டத் தொகுப்பு மேலாண்மை' என்கிறார்கள். அந்தப் பெயர் புழக்கத்துக்கு வருமுன்பே இங்கே அந்தக் கணக்கு போடப்பட்டுவிட்டது.

வரிசையைப் பாருங்கள். 1924இல் சர்வஜன உயர்நிலைப் பள்ளி, 1926இல் தொழிற்கூடம், 1947இல் கலைக் கல்லூரி. 1951இல் வந்த தொழில்நுட்பக் கல்லூரி, பம்பும் மோட்டாரும் லேத்தும் செய்துகொண்டிருந்த தொழிற்கூடத்தை ஒட்டியே அமைந்தது. அதன் முதல் முதல்வர் ஜி. ஆர். தாமோதரன்; தமிழில் அறிவியலைக் கொண்டுசென்ற 'கலைக்கதிர்' இதழும் அவருடையதே. கரும்பலகையில் வரைந்த பம்பின் வெட்டுத்தோற்றம், சில அடி தள்ளி வார்ப்பிரும்பாகக் கைக்குச் சிக்கும். தனியாக ஆய்வகம் கட்டியிருந்தால் இது கிடைத்திருக்காது என்பதே இத்தொகுப்பின் சாமர்த்தியம்.

மருத்துவக் கல்லூரி 1985இலும், தொழில்முனைவோர் பூங்கா 1998இலும் சேர்ந்தன.