துணிபோர்த்திய தலைமாட்டுப் பலகை

கட்டிலின் தலைமாட்டில் நிற்கும் பலகைக்கு ஸ்பாஞ்ச் வைத்து, துணி இழுத்துக் கட்டினால் கிடைப்பது இது. தச்சர்கள் ‘ஹெட்போர்டு’ என்பார்கள். தையலும் ஸ்பாஞ்சும் சேரும் வேலைக்குக் ‘குஷன் வேலை’ என்று பெயர். பாயும் கயிற்றுக் கட்டிலும் புழங்கிய தமிழ் வீடுகளில் முதுகைத் தாங்கியது திண்டு. அந்தத் திண்டை நிமிர்த்திச் சுவரோடு நிறுத்தினால் ஏறக்குறைய இந்தப் பலகைதான்.

தர்மபுரி மாவட்டத்தில் இதற்கான சாமான்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. காஷ்மீர்–கன்னியாகுமரி நெடுஞ்சாலையான 44ஆம் எண் சாலை மாவட்டத்தின் ஊடாகச் செல்கிறது. இப்படிப்பட்ட சாலையோர ஊர்களில் லாரி, பஸ் இருக்கைகளுக்கு உறை மாற்றும் ‘குஷன் ஒர்க்ஸ்’ கடைகளில் ஸ்பாஞ்சும் ரெக்சினும் கிடைக்கும். தயாராக வாங்க நினைப்பவர்களுக்கு அதே சாலையின் வடக்கே பெங்களூரு இருக்கிறது. 2022 ஜூனில் அறைகலன் நிறுவனமான ஐகியா அங்கே நாகசந்திராவில் கடை திறந்தது. ஆனால் வீட்டிலேயே செய்தால் பலகையின் உயரத்தையும் அகலத்தையும் தன் கட்டிலுக்கு ஏற்ப வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தடி அகலக் கட்டிலை எடுத்துக்கொள்வோம். 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் 60 அங்குலத்துக்கு 24 அங்குலம் வெட்ட வேண்டும். அதன்மேல் இரண்டு அங்குல ஸ்பாஞ்சைப் பசை போட்டு ஒட்ட வேண்டும். கடையில் ‘32 டென்சிட்டி’ என்று சொல்வது ஒரு கனமீட்டருக்கு 32 கிலோ என்ற கணக்கு. சாய்ந்து உட்கார அது போதும். மலிவான ஸ்பாஞ்ச் சீக்கிரம் அமுங்கிவிடும். இந்த ஸ்பாஞ்சின் மூலப்பொருளான பாலியூரித்தேனை ஜெர்மானிய வேதியியலாளர் ஓட்டோ பேயர் 1937இல் உருவாக்கினார். அதற்கு முன் இருக்கைகளுக்குள் பெரும்பாலும் தேங்காய் நார், குதிரை மயிர், பஞ்சு போன்றவை இருந்தன.

பலர் தவறுவது துணிக் கணக்கில்தான். சோபாத் துணியின் வழக்கமான அகலம் 54 அங்குலம். பலகையின் 60 அங்குலத்தோடு இருபக்கமும் ஸ்பாஞ்சின் தடிமன், பலகையின் தடிமன், பின்னால் மடிக்க மும்மூன்று அங்குலம் எல்லாம் சேர்ந்தால் 71 அங்குலம் ஆகிவிடும். எனவே துணியைப் படுக்கைவாட்டில் திருப்பிப் போட வேண்டும். இரண்டு மீட்டர் வாங்கினால் ஒட்டுப் போடாமல் முடியும். அப்படித் திருப்பும்போது பூப்போட்ட துணியில் பூக்களெல்லாம் சாய்ந்து படுத்துவிடும். வெற்று நிறமோ சிறு கட்டமோ எடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை.

துணியைப் பலகையின் பின்புறம் இழுத்து ஸ்டேப்ளர் பின் அடிப்பதிலும் ஒரு வரிசை உண்டு. நான்கு பக்கமும் நடுவில் முதலில் ஒவ்வொரு பின். பிறகு நடுவிலிருந்து மூலையை நோக்கிப் போக வேண்டும். மூலையில் தொடங்கினால் சுருக்கம் நடுவுக்கு வந்து நிற்கும், அதைக் கழற்றித்தான் சரி செய்ய முடியும். மூலையில் சேரும் துணியைப் புத்தகத்துக்கு அட்டை போடுவதுபோல் மடித்து அடிக்கலாம். பின்னின் கால் பலகையின் 12 மில்லிமீட்டருக்கு மேல் போனால் பலகையைத் துளைத்துக்கொண்டு ஸ்பாஞ்சுப் பக்கம் எட்டிப் பார்க்கும்.

எந்தத் துணி? ரெக்சின் சித்திரை வெயிலில் முதுகில் ஒட்டும். வெல்வெட் தூசியை விடாது. தர்மபுரியில் பெயர்பெற்ற பட்டுக்கூடு அங்காடி இருந்தாலும், பட்டு இந்த வேலைக்கு ஆகாது. வெயில் பட்டால் வெளுக்கும், உரசினால் தேயும். 2005–06இல் புவிசார் குறியீடு பெற்ற பவானி ஜமக்காளம் நல்ல உழைப்பாளி. மூலையில் மட்டும் மடிய மறுக்கும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி தலைக்கு வைக்கும் எண்ணெய். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆண்கள் மக்காசர் எண்ணெய் பூசிக்கொண்டு நாற்காலிகளில் சாய்ந்தார்கள். கறையைத் தடுக்க முதுகுப்புறம் போட்ட துணிக்கு ‘ஆன்டிமக்காசர்’ என்றே பெயர் வந்தது. ரயில், பஸ் இருக்கைகளின் தலைப்பக்கத்தில் தொங்கும் வெள்ளைத் துணி அதன் வாரிசு. தேங்காய் எண்ணெய் வைக்கும் வீட்டில் பலகைத் துணியை நிரந்தரமாகப் பின் அடித்துவிட்டால் சில மாதங்களில் தலை அளவுக்கு ஒரு கரும்வட்டம் விழும். ஆகவே பலகையின்மேல் ஜிப் வைத்த பருத்தி உறை ஒன்றைத் தைத்து மாட்டிவிடுங்கள், மாதம் ஒருமுறை துவைத்துப் போடலாம்.