காசு கொடுத்து வாங்கிய பீட்டா

இன்னைக்கு நாம பேசப்போறது ஒரு சிடியைப் பற்றி. விலை 29.95 டாலர். அன்றைய மதிப்பில் 1,300 ரூபாய்க்கு மேல். அதற்குள் இருந்த ஆபரேட்டிங் சிஸ்டம் இன்னும் முழுசா முடியலைன்னு விற்ற கம்பெனியே சொன்னது. போதாக்குறைக்கு, 2001 மே மாதம் அது காலாவதியாகிவிடும். இருந்தும் ஒரு லட்சத்துக்கும் அதிகமான பிரதிகள் போனதாக ஆப்பிள் கணக்குச் சொன்னது.

அது மேக் ஓஎஸ் எக்ஸின் பப்ளிக் பீட்டா. (எக்ஸ்னு எழுதுவாங்க, ஆனா ‘டென்’னுதான் சொல்லணும். ரோமன் எண்ணில் பத்து. இந்தப் பஞ்சாயத்து பல வருஷம் ஓடியது.) 2000 செப்டம்பர் 13 அன்று பாரிஸில் நடந்த ஆப்பிள் எக்ஸ்போவில் ஸ்டீவ் ஜாப்ஸ் இதை வெளியிட்டார்.

முடியாத பொருளுக்குக் காசு வாங்கியது ஆப்பிள் மட்டுமில்லை. அதற்கு ஐந்து வருஷம் முன்னால், விண்டோஸ் 95-இன் முன்னோட்டப் பதிப்பை மைக்ரோசாஃப்ட்டும் விலைக்குத்தான் கொடுத்தது. ஆனால் மைக்ரோசாஃப்ட் அப்போ உச்சத்தில் இருந்த கம்பெனி. ஆப்பிளின் நிலைமை வேறு.

பழைய மேக்கின் அடித்தளம் 1984-இல் போடப்பட்டது. அழகான திரை, எளிமையான மெனு, எல்லாம் உண்டு. உள்ளே மட்டும் ரெண்டு பெரிய ஓட்டை. முதலாவது, நினைவகத்தில் தடுப்புச் சுவர் கிடையாது. ஒரே ஹாலில் பத்துக் குடும்பம் திரைகூடக் கட்டாமல் குடியிருப்பதை நெனச்சுப் பாருங்க. ஒருத்தர் அடுப்பு தீப்பிடித்தால் பத்துக் குடும்பமும் தெருவுக்கு வரணும். அப்படித்தான் ஒரு புரோகிராம் சொதப்பினால் மொத்தக் கணினியும் உறைந்துபோகும். இரண்டாவது, கையில் மைக் வைத்திருப்பவர் தானாக மனசு வந்து கொடுத்தால்தான் அடுத்தவர் பேச முடியும் என்கிற ஏற்பாடு. கொடுக்க மறுக்கிற புரோகிராம் ஒன்று இருந்தால் போதும், மற்றவை வாய்மூடிக் காத்திருக்க வேண்டியதுதான்.

இதைச் சரிசெய்ய ஆப்பிள் எடுத்த முயற்சிதான் கோப்லாண்ட். 1994-இல் அறிவித்தார்கள். 1995 கடைசியில் சுமார் 50 டெவலப்பர் நிறுவனங்களுக்கு ஒரு சோதனைப் பதிப்பும் போனது. ஆனால் ஆளாளுக்கு ஒரு வசதியைச் சேர்த்துக்கொண்டே போனார்கள், எதுவும் நிலையாக நிற்கவில்லை. 1996 ஆகஸ்டில் அதை மூடினார்கள். சொந்தமாகக் கட்ட முடியாது, வெளியே வாங்கித்தான் ஆகணும்னு முடிவு. அந்த வருஷம் டிசம்பரில் நெக்ஸ்ட் நிறுவனத்தை வாங்குவதாக அறிவித்தது ஆப்பிள். சுமார் 40 கோடி டாலர். மென்பொருளோடு சேர்ந்து அதன் நிறுவனர் ஸ்டீவ் ஜாப்ஸும் வந்தார். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மாக் கெர்னலை உருவாக்கியவர்களில் ஒருவரான ஏவி டெவானியனும் வந்தார். என்னைக் கேட்டால், அந்தப் பேரத்தில் ஜாப்ஸைவிடக் குறைவாகப் பேசப்படும் பெரிய லாபம் டெவானியன்தான். புது சிஸ்டத்தின் அடித்தளம் அவருடைய மாக்.

சரி, யுனிக்ஸ் வழிவந்த உறுதியான அஸ்திவாரம் கிடைத்தாச்சு. பழைய புரோகிராம்களை என்ன பண்றது? எல்லாத்தையும் புதுசா எழுதுங்கன்னு ஆப்பிள் முதலில் சொல்லிப் பார்த்தது. அடோபி, மைக்ரோசாஃப்ட் மாதிரியான பெரிய நிறுவனங்கள் அசையவில்லை. அதனால் 1998-இல் கார்பன் என்று ஒரு வழி. பழைய நிரலை ஓரளவு திருத்தினால் புதுசில் ஓடும். அதுவும் வராதவற்றுக்கு ‘கிளாசிக்’: புது சிஸ்டத்துக்குள்ளேயே மேக் ஓஎஸ் 9-ஐ ஓடவிட்டு, அதற்குள் பழைய புரோகிராமை ஓட்டுவது. வீட்டுக்குள்ள இன்னொரு வீடு.

இதெல்லாம் உள்ளே நடப்பது. பார்ப்பவர் கண்ணில் பட்டது ‘அக்வா’. 2000 ஜனவரியில் காட்டினார்கள். கண்ணாடித் துளிகள் போன்ற பட்டன்கள், கீழே ஐகான்கள் பெரிதாகிச் சிறிதாகும் டாக். பட்டனைப் பார்த்தால் நக்கணும் போல இருக்கணும், அதுதான் நோக்கம் என்கிற மாதிரி ஜாப்ஸ் பேசினார். மனுஷன் ருசித்துத்தான் பேசியிருக்கிறார்.

அந்த நிலையில்தான் பீட்டா வந்தது. குறைந்தது 128 எம்பி ராம் வேண்டும். இன்றைக்குச் சிரிப்பு வரும், அன்றைக்கு அது நிறைய. சிடி ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளில் கிடைத்தது. ஒரு புரோகிராம் விழுந்தாலும் மற்றவை நின்றன. மேக்காரர்களுக்கு இது சாதாரண விஷயமில்லை. வெடிகுண்டுப் படத்தோடு வரும் எச்சரிக்கையைப் பார்த்து வருஷக்கணக்கில் ரீஸ்டார்ட் பண்ணியவர்கள். ஆனால் வேகம் இல்லை. ஜன்னலை இழுத்து அளவு மாற்றினால், ஒரு மூச்சு விட்டுத்தான் அது நகரும். ஆர்ஸ் டெக்னிகாவில் ஜான் சிராகுசா டெவலப்பர் பதிப்புகளில் தொடங்கி ஒவ்வொன்றையும் பிரித்து மேய்ந்து எழுதினார். அந்தக் கட்டுரைகள் இன்றைக்கும் படிக்கத் தக்கவை.

பெரிய சண்டை வந்தது வேகத்துக்காக அல்ல, ஒரு ஆப்பிள் படத்துக்காக. பழைய மேக்கில் திரையின் இடது மூலையில் ஆப்பிள் மெனு இருக்கும். நமக்கு வேண்டிய புரோகிராம்களை, ஃபோல்டர்களை அதில் போட்டு வைக்கலாம். நம்ம வீட்டு வாசல் ஆணி மாதிரி: இருட்டிலும் கை தானாகப் போய்ச் சாவியை எடுக்கும். பீட்டாவில் அந்த மெனுவைத் தூக்கிவிட்டு, மெனு பட்டையின் நட்டநடுவில் நீலத்தில் ஒரு ஆப்பிளை மட்டும் வைத்திருந்தார்கள். அழுத்தினால் எதுவும் நடக்காது. சும்மா அழகுக்கு!

புகார்கள் குவிந்தன. 75,000-க்கும் அதிகமான கருத்துகள் வந்ததாக ஆப்பிளே பின்னர் சொன்னது. இதற்கிடையில் கம்பெனிக்கும் அடி. பீட்டா வந்து சரியாக 16 நாள் கழித்து, செப்டம்பர் 29 அன்று, லாப எச்சரிக்கைக்கு மறுநாள், ஆப்பிளின் பங்கு விலை ஒரே நாளில் பாதிக்கும் கீழே விழுந்தது. பழைய சிஸ்டத்தில் எதிர்காலம் இல்லை, புதுசு இன்னும் தயாரில்லை, மிச்சமிருக்கும் விசுவாசிகளோ எங்க மெனு எங்கேன்னு கேட்கிறார்கள். அவர்களையும் இழந்தால் வேறு யார் இருக்கிறார்கள்?

2001 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ மேக்வேர்ல்டு மேடையில் ஜாப்ஸ் பதில் சொன்னார். ஆப்பிள் மெனு இடது மூலைக்கே திரும்பியது. விட்டுக்கொடுப்பவர் என்று பெயர் வாங்காத ஒரு மனிதர், வாங்கியவர்கள் பேச்சைக் கேட்டு மேடையில் நின்று மாற்றினார். ஆனால் பாதிதான். நமக்கு வேண்டியதைப் போட்டு வைக்கும் வசதி திரும்பவில்லை. இன்றைய மேக்கிலும் அந்த மெனுவில் இருப்பதை நாம் மாற்ற முடியாது.

மார்ச் 24-இல் 10.0 வந்தது, 129 டாலருக்கு. பீட்டா வாங்கியவர்களுக்கு 30 டாலர் தள்ளுபடி. டிவிடி ஓடாது, சிடி எரிக்க முடியாது, வேகமும் பெரிதாகக் கூடவில்லை. இதுவும் பீட்டாதானே என்று பலர் முணுமுணுத்தார்கள், நியாயமான முணுமுணுப்புதான். செப்டம்பரில் 10.1 இலவசமாக வந்த பிறகுதான் மூச்சு விட முடிந்தது.

அதற்குப் பிறகு மேக் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு ஆப்பிள் இன்னொரு பப்ளிக் பீட்டா விட 2014 ஆகிவிட்டது. இம்முறை இலவசம், முதலில் வரும் பத்து லட்சம் பேருக்கு. அதே வருஷம் மைக்ரோசாஃப்ட்டும் விண்டோஸ் இன்சைடர் திட்டத்தைத் தொடங்கியது. அதுவும் இலவசம். லட்சக்கணக்கானோர் சேர்ந்தார்கள்.

2018 அக்டோபர் 2-ஆம் தேதி வந்த விண்டோஸ் 10 அப்டேட், சிலருடைய டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களில் இருந்த ஃபைல்களை அழித்துவிட்டது. சில நாட்களிலேயே அதை நிறுத்தினார்கள். தங்களிடம் புகார் செய்தவர்கள் நூறில் ஒரு பங்கு சதவீதம்தான் என்றது மைக்ரோசாஃப்ட். போன ஃபோட்டோ உங்களுடையது என்றால் அந்தக் கணக்கில் என்ன ஆறுதல்? ஆனால் அதைவிட உறுத்துவது வேறொன்று. வெளியீட்டுக்கு முன்பே சில இன்சைடர்கள் ஃபைல் காணாமல் போகிறதுன்னு எழுதியிருந்தார்கள். அதிக ஓட்டு விழாததால் அந்தப் புகார்கள் கீழேயே கிடந்தன. நவம்பர் 13-இல் திருத்திய அப்டேட்டை மறுபடி விட்டார்கள். புகார் எழுதும்போது பாதிப்பு எவ்வளவு தீவிரம் என்று குறிக்க ஒரு வசதியையும் சேர்த்தார்கள்.