கயிறு இழுக்கும், நிறுத்தாது!

எங்க ஊர் வத்தலக்குண்டு. கொடைக்கானல் போகிறவர்கள் டீ குடிக்க நிறுத்தும் ஊர் என்றால் சட்டென்று புரியும் :-) படிப்பது பி.காம். "உனக்கு எதுக்குடா பிரேக் ஆராய்ச்சி?" என்று கேட்பீர்கள். காரணம் என் மாமா.

மாமா வேன் டிரைவர். ஒருமுறை மலையில் இன்ஜின் நின்றுபோன வேனை ஜீப்பில் கயிறு கட்டி கீழே இறக்கினார்கள். வேன் நியூட்ரலில், ஸ்டியரிங்கில் மாமா. இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் கல்லை மிதித்த மாதிரி இருந்ததாம். வேனை மலைப்பக்கம் உரசவிட்டுத்தான் நிறுத்தினார். பள்ளத்துப் பக்கம் போயிருந்தால்... நினைக்கவே முடியவில்லை.

ஊரே "பிரேக் ஃபெயிலியர்" என்றது. உண்மையில் பிரேக்கில் ஒரு கோளாறும் இல்லை! இன்ஜின் ஓடும்போது உண்டாகும் வெற்றிடம்தான் நம் காலுக்குத் துணைபலம் கொடுக்கிறது. இன்ஜின் நின்றால் ஓரிரு மிதியிலேயே அது தீர்ந்துவிடும். அப்புறம் பெடல் இறுகிப்போகும். கியரில் இறக்கும்போது கிடைக்கும் பிடிமானமும் நியூட்ரலில் இல்லை.

ஒரு காலத்தில் கொடைக்கானலுக்கு ஆட்களை நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள். மோட்டார் வண்டி ஏற வழி செய்தது 1910-களில் வந்த லாஸ் காட் ரோடு. சுமார் 2,100 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் வண்டிக்கு பிரேக்தான் உயிர்.

இந்தப் பாடத்தை ரயில்காரர்கள் அதற்கு முன்பே படித்துவிட்டார்கள். 1889 ஜூன் 12, அயர்லாந்தின் அர்மா நகரம். சுற்றுலா போன ரயில் மேட்டில் ஏற முடியாமல் நின்றது. பெட்டிகளைப் பிரித்து, முன்பாதியை மட்டும் கொண்டுபோக நினைத்தார்கள். கழற்றியதும் பின்பெட்டிகளுக்கு இன்ஜினிலிருந்து வந்த பிரேக் போய்விட்டது. கை பிரேக்கும், சக்கரத்தடியில் வைத்த கற்களும்தான் மிச்சம். முன்பாதி லேசாகப் பின்னால் வந்து இடித்ததும் பின்பெட்டிகள் சரிவில் உருண்டு, அடுத்து வந்த ரயிலில் மோதின. 80 பேர் இறந்தார்கள், பலர் குழந்தைகள்.

கொடுமை என்னவென்றால், இணைப்பு அறுந்தால் தானாகவே பிடித்துக்கொள்ளும் பிரேக்கை ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872-லேயே கண்டுபிடித்திருந்தார். பயணிகள் ரயிலில் அந்த மாதிரி பிரேக் கட்டாயம் என்று சட்டம் வந்தது விபத்துக்குப் பிறகு, அதே 1889-ல்!

இன்றைய பெரிய லாரிகளிலும் காற்று போனால் ஸ்பிரிங் பிரேக் தானாக இறுகிவிடும். ஆனால் நம் கயிற்றில் அப்படி எதுவும் கிடையாது. இறக்கத்தில் அது தொய்ந்துவிடும். பின்னால் வரும் வண்டியைப் பிடித்து நிறுத்த யாருமில்லை.

காமர்ஸ் மாணவனாக ஒரு கணக்கு. மீட்பு வண்டி வாடகையை மிச்சம் பிடிக்கத்தான் அன்று கயிறு கட்டினார்கள். செலவுப் பக்கத்தில் மாமாவின் உயிரை எழுத மறந்துவிட்டார்கள்.

நண்பர்களே, மலையில் வண்டி நின்றால் கை பிரேக் போட்டு, டயருக்குக் கல் வைத்து, ஆட்களை இறக்கிவிட்டுக் காத்திருங்கள். தூக்கிப் போகும் வண்டி வரட்டும். வீட்டுக்கு லேட்டாகப் போனால் திட்டுதான் விழும், பரவாயில்லை!